பேஸ்மென்ற்றில் ஒரு றொக் இசைக்குழு: ஸ்காபரோவில் தமிழ்ப் பாட்டு எழுதிப் பதிவு செய்வது

ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் கிற்றாரும் றம்ஸுமாகக் கூடினால் முதல் ஒத்திகை அநேகமாக யாரோ ஒருவருடைய வீட்டு பேஸ்மென்ற்றில்தான் நடக்கும். வாடகை கிடையாது, வெளியே பனி கொட்டினாலும் உள்ளே சூடு, மேலே யாராவது தேத்தண்ணி போட்டுத் தருவார்கள். ஆனால் அந்த அறையும் பாட்டுக்குள் புகுந்து வேலை செய்கிறது. அது தெரியாமல் தொடங்கியவர்கள், சில மாதம் கழித்துத் தங்கள் பதிவைக் கார் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, பேஸ் கிற்றார் வாசிப்பவரைத் திட்டுவார்கள். பிழை பெரும்பாலும் கூரையில் இருக்கும்.

பழைய வீடுகளில் பேஸ்மென்ற் கூரை ஏறத்தாழ 7 அடி உயரம். நிலத்துக்கும் கூரைக்கும் இடையில் ஒலி முட்டி மோதி நிற்கும் முதல் அலை அந்த உயரத்துக்குச் சுமார் 80 ஹேர்ட்ஸில் விழும். கிற்றாரின் தடித்த ஈ கம்பி 82.4 ஹேர்ட்ஸ், பேஸ் கிற்றாரின் ஈ 41.2, அதன் முதல் மேற்சுரமும் 82.4. ஆகவே றொக் பாட்டில் அதிகம் வாசிக்கப்படுகிற அதே சுரம்தான் அந்த அறையில் வீங்கும். இதில் இன்னொரு சிக்கல்: அந்த அலை கூரையிலும் நிலத்திலும் பலமாகவும், நடு உயரமான மூன்றரை அடியில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். உட்கார்ந்து வாசிக்கும் றம்ஸ்காரரின் காது அந்த நடுவுக்குக் கிட்ட. நின்று வாசிக்கும் கிற்றார்காரரின் காது கூரைக்குக் கிட்ட. ஒருவர் பேஸ் கேட்கவில்லை என்பார், மற்றவர் பேஸ் தாங்கவில்லை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மிக்ஸ் செய்பவரும் கதிரையில் உட்கார்ந்தபடி பேஸைக் கூட்டிவிடுவார், காரில் போட்டால் ஜன்னல் அதிரும்.

மூலைகளிலும் கூரையிலும் 4 அங்குலத் தடிப்புள்ள பாறைப் பஞ்சுப் பலகைகளை, ராக்வூல் வகையை, துணியால் சுற்றி வைத்தால் ஓரளவு அடங்கும். பலகைக்கும் சுவருக்கும் இடையே சில அங்குல இடைவெளி விட்டால் இன்னும் நன்று. முட்டைத் தட்டும் மெல்லிய ஃபோமும் உயர்ந்த சுரங்களை மட்டுமே மந்தமாக்கும். பேஸைத் தொடாது, மேல் வீட்டுக்குப் போகும் சத்தத்தையும் நிறுத்தாது. மேலே சத்தம் போவதற்கு முக்கியமான வழி வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் காற்றுக் குழாய். பேஸ்மென்ற்றில் பாடுவது மேலே குசினிக் குழாய் வாயில் சொல்லுக்குச் சொல் கேட்கும். வாடகைக்கு இருக்கிறவர்கள் அங்கே உண்மையான றம்ஸ் செட் வைக்காமல் இருப்பதே நல்லது. எலக்ட்ரோனிக் செட்டும் ஹெட்ஃபோனுமாகப் பாட்டைக் கட்டிவிட்டு, பலத்து வாசிக்க வேண்டிய நாளுக்குத் தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஒத்திகை அறை எடுக்கலாம். மணிக்கணக்கிலும் கிடைக்கும், மாத வாடகைக்கு லாக்அவுட் (எந்நேரமும் தாங்களே திறந்து பயன்படுத்தும் அறை) எடுத்து இரண்டு மூன்று குழுக்கள் நாள் பிரித்துக்கொள்வதும் வழக்கம். இரவு ஷிஃப்ட் வேலை செய்பவர் ஒருவர் குழுவில் இருந்தால் லாக்அவுட்தான் சரிவரும். அங்கே காதடைப்பு இல்லாமல் நிற்கவே கூடாது. 85 டெசிபெல்லில் 8 மணித்தியாலம் தாங்கலாம் என்பது வேலைத்தலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும், 100இல் 15 நிமிடம்தான். சிறிய அறையில் சிம்பல் அதைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பொருட்களைச் செருகுமுன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்; இங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அடப்டரில் 100–240 என்று இருந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும். 230 மட்டும் போட்ட அம்ப்ளிஃபயருக்கு (அம்ப்) ஸ்ரெப்-அப் டிரான்ஸ்ஃபோர்மர் வேண்டும், அது கனமானது, இரைச்சலும் தரும். அந்தக் காசுக்கு இங்கே பழைய அம்ப் ஒன்றே வாங்கிவிடலாம். கிற்றாருக்கு மாரிகாலம்தான் எதிரி. ஹீற்றர் ஓடுகிற வீட்டில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் இறங்கும். மரம் சுருங்கி ஃபிரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) முனைகள் கையைக் கீறும், அக்கூஸ்ரிக் கிற்றாரின் மேற்பலகை வெடிக்கும். 45 முதல் 55 சதவீதம் வைத்திருக்க ஒரு ஈரமூட்டியும் சிறிய அளவுமானியும் போதும். மிருதங்கம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கவனம் தேவை. தோல் காய்ந்து இறுகி சுருதி ஏறிவிடும்.

இனிப் பாட்டு. கிற்றார்காரர் றிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிற்றார்த் துணுக்கு) தேடும்போது கை தானாக ஈ கம்பிக்குப் போகும், திறந்த கம்பி முழங்கும் என்பதால். சுருதிக் கணக்கில் அது 3 கட்டை. சங்கீத வகுப்புக்குப் போய் வளர்ந்த ஆண் பாடகர் 1 அல்லது ஒன்றரைக் கட்டையில் பழகியவர். பெண் 5, ஐந்தரை. யாரும் இதைப் பேசிக்கொள்ளாமல் பாட்டைக் கட்டினால் பல்லவியில் பாடகர் தொண்டை கிழியக் கத்துவார், அல்லது சரணத்தில் குரலே வெளியே வராது. ஆணுக்காகக் கிற்றாரை அரைச் சுரமோ முழுச் சுரமோ இறக்கி, தடிப்பு ஒரு படி கூடிய கம்பி போடுவார்கள். பெண்ணுக்கு நாலாவது ஃபிரெட்டில் கப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போட்டால் ஈ வடிவத்தை மாற்றாமலே ஐந்தரைக் கட்டை வந்துவிடும்.

சங்கீதப் பயிற்சி உள்ள குரலுக்கும் றொக்குக்கும் ஒட்டாது என்று நினைப்பவர்கள் பவர் கோர்ட்டைக் கவனித்திருக்க மாட்டார்கள். அதில் இருப்பது சட்ஜமும் பஞ்சமமும்தான், தம்புராவில் கேட்பவை. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்ரோர்ஷனில் முழு கோர்ட் வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும், அதனால் கிற்றார்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிடுகிறார்கள். விட்ட அந்த இடம் பாடகருக்குச் சொந்தம். காந்தாரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடலாம், கீழே இடிக்க எதுவும் இல்லை. றொக் சோலோக்களில் ஓயாமல் வருகிற மைனர் பென்ரரோனிக் வரிசையும் சுத்த தன்யாசியின் ச க ம ப நியும் ஒரே ஐந்து சுரங்கள். கிற்றார்காரர் கம்பியை வளைக்கும் இடத்தையும் பாடகர் கமகம் கொடுக்கும் இடத்தையும் ஒருமுறை சேர்ந்திருந்து ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒன்றாக வரும்போது குழம்பும், மாறி மாறி வரும்போது அழகாகும் என்பது காதுக்கே தெரியும்.

சொற்கள்தான் கூடிய உழைப்பைக் கேட்கும். ஆங்கிலப் பாட்டின் மெட்டை மனதில் வைத்துத் தமிழை நிரப்பினால் இரண்டு இடங்களில் முறியும். முதலாவது, குறிலும் நெடிலும். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் சொல்லே மாறிவிடும்: மலை மாலையாகும், படம் பாடமாகும், 'விடு' என்று எழுதியது 'வீடு' என்று கேட்கும். நீட்டும் இடத்தில் நெடிலையோ ஐகாரத்தையோ வைக்க வேண்டும், அல்லது மெட்டை நகர்த்தி 'மலை'யில் 'லை'யை நீட்ட வேண்டும். வரிகளைத் தாளில் எழுதி, நீளும் சுரங்களின் கீழ் கோடு போட்டுப் பார்த்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். இரண்டாவது, எடுப்பு. ஆங்கிலத்தில் 'த', 'அ' போன்ற சின்னச் சொற்கள் தாளத்துக்கு முன்னால் ஓடிவந்து, முக்கியச் சொல் முதல் அடியில் விழும். தமிழுக்கு அந்த ஓட்டச் சொற்கள் கிடையாது. சொல்லின் முதல் எழுத்திலேயே கனம். அதை அடிக்கு முன்னால் பாடினால் றம்ஸ் விழுங்கிவிடும். முதல் அடியிலேயே எடுங்கள், அல்லது அரை அடி தள்ளி அனாகதமாக எடுங்கள். கீர்த்தனை பாடிப் பழகியவருக்கு இரண்டாவது கைவந்த விஷயம். கிக் றம் முதலில் விழ, குரல் அதன் பின்னால் ஏறும். றொக்குக்கு அது மிக நன்றாகப் பொருந்தும்.

வினை வரி முடிவில் வருவதால் கடைசி ஒலி தானாகவே ஒத்துவிடும். 'ந்தது, ந்தது' என்று எட்டு வரி எழுதலாம், நாலாவது வரியில் சலிக்கும். எதுகையை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால் றிஃப்பின் முதல் அடியோடு சேர்ந்து அறைகிறது. பேச்சுமொழியையும் அஞ்ச வேண்டாம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் மைக்கின் முன் 'வரேன்' என்று சினிமாக் குரலுக்கு மாறுவது வழக்கமாகிவிட்டது, அந்த 'ரே' நீட்டுவதற்கு வசதியும்கூட. 'வாறன்' என்றால் முடிவு குறுகும். ஆனால் 'வா' நெடில்தானே, நீட்டலை அங்கே வைத்தால் போதும். வீட்டில் பேசுகிற தமிழைப் பாட்டிலும் கேட்கிறபோது ஸ்காபரோவில் கேட்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மெட்டைக் கொஞ்சம் திருத்துகிற சிரமத்துக்கு அது தகும்.

பதிவுக்கு வந்தால், காசு செலவழிக்க வேண்டிய இடம் றம்ஸ். உயரமான கூரையுள்ள ஸ்ரூடியோ அறையில் ஒரு நாள் எடுத்து, மற்றவற்றை வீட்டில் செய்யலாம். முதல் நாளே புதுத் தோல் போட்டு வாசித்து இழுபட விடுங்கள். அன்றைக்குப் போட்டால் அன்று முழுக்கச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். எட்டு மணித்தியாலத்தில் இரண்டு மணித்தியாலம் மைக் வைப்பதற்கே போகும், ஆகவே மூன்று நாலு பாட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கிக், ஸ்னெயர், மேலே இரண்டு ஓவர்ஹெட் என்று நாலு மைக் போதும். ஸ்னெயரின் நடுவிலிருந்து இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் ஒரே நூலால் அளந்து சம தூரம் வையுங்கள். ஒரு அடி வித்தியாசம் என்றால் ஒலி ஏறத்தாழ 0.9 மில்லிவினாடி பிந்தும். இரண்டையும் சேர்க்கும்போது 560 ஹேர்ட்ஸ் பக்கத்தில் வெட்டுப்பட்டு ஸ்னெயரின் சதையெல்லாம் போய்விடும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. க்ளிக்குக்கு (ஹெட்ஃபோனில் சீராக ஒலிக்கும் தாளத் துடிப்புக்கு) வாசிப்பது பாட்டை இறுக்கிவிடுகிறது என்றால், பல்லவியில் மட்டும் வேகத்தை நிமிடத்துக்கு 2 அடி கூட்டி வைக்கலாம். மனிதர்கள் இயல்பாகவே அங்கே ஓடுவார்கள்.

கிற்றாரை அம்பின் மைக்கோடு, கிற்றாரிலிருந்து நேராக வரும் லைனையும் சேர்த்துப் பதியுங்கள். ஒலி பிடிக்காவிட்டால் வாசிப்பைத் திரும்பச் செய்யாமல் அம்பை மட்டும் மாற்றலாம். இடமும் வலமும் அகலமாகக் கேட்க, ஒரே பகுதியை உண்மையிலேயே இரண்டு தடவை வாசிக்க வேண்டும். ஒன்றைப் பிரதி எடுத்து இரு பக்கமும் போட்டால் நடுவில் கொஞ்சம் பலத்துக் கேட்கும், அவ்வளவுதான். மேடையில் போடுகிற கெய்னில் (டிஸ்ரோர்ஷன் அளவில்) முக்கால்வாசி போதும், இரண்டு தடவை சேரும்போது தானாகத் தடிக்கும்.

குரலுக்கு இந்த நாட்டு வீடுகளில் ஒரு வசதி உண்டு: மாரிக்கால ஜக்கற்றுகள் தொங்கும் அலுமாரி. அதன் கதவைத் திறந்து, ஜக்கற்றுகளுக்கு முதுகைக் காட்டிப் பாடினால் எதிரொலி அடங்கும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ். உச்சம் கழித்தல் 10, 12 டெசிபெல்லில் நின்றால் போதும், சிவப்பு வரைக்கும் ஏற்றத் தேவையில்லை. ஃபேர்னஸ் விசிறியின் இரைச்சல் எல்லா ரேக்கிலும் படியும் என்பதால் பாடும் நேரத்துக்குத் தேர்மொஸ்ரற்றை நிறுத்துவார்கள். அதைத் திரும்ப ஓடவிட மறக்காமலிருக்க, கார்த் திறப்பை அதன் மேலேயே தொங்கவிடுங்கள். மறந்து போய்விட்டால், கடுங்குளிர் இரவில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் ஆபத்து இருக்கிறது.

பாட்டு முடிந்த அன்றே யார் எத்தனை சதவீதம் எழுதினார்கள் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடுகிற குழுக்கள்தான் அதிகம், பிரிகிறபோது அதிகம் நோவதும் அவர்களுக்கே. எழுதியவர்கள் பாட்டுரிமைத் தொகையைச் சேகரித்துக் கொடுக்கும் சொக்கன் (SOCAN) அமைப்பில் சேர்ந்து பாட்டைப் பதிந்தால் வானொலியிலும் மேடையிலும் பாடப்படுவதற்கு உரிமைத்தொகை வரும். மேடையில் பாடியதைப் பாட்டுப் பட்டியலோடு நீங்களே அறிவிக்க வேண்டும். தலைப்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலிலேயே ஒன்றாகத் தீர்மானியுங்கள். 'கடல்' ஓரிடத்தில் Kadal என்றும் இன்னோரிடத்தில் Katal என்றும் பதிவானால் இரண்டு வேறு பாட்டுகளாகிவிடும். வானொலியில் கனடிய உள்ளடக்கத்தைக் கணக்கிட 1971இல் வந்த மேப்பிள் (MAPL) முறை இசை, கலைஞர், பதிவிடம், வரிகள் என்ற நாலில் இரண்டைக் கேட்பது. நிரந்தர வதிவுரிமை உள்ளவரும் அதில் கனடியராகவே எண்ணப்படுவார். புதிதாக வந்தவர்கள் தங்களுக்கு இது பொருந்தாதென்று விலகி நிற்கத் தேவையில்லை.

மேடை கிடைத்தால், ஒன்ராறியோவில் மது அருந்துவதற்கான வயது 19 என்பதை முதலில் கவனியுங்கள். குழுவில் 17 வயதுக்காரர் இருந்தால் முன்கூட்டியே இடத்தாரோடு பேச வேண்டும். நாலைந்து குழு வாசிக்கிற இரவில் றம்ஸ் செட்டும் பேஸ் கபினெற்றும் பொதுவானவை. ஸ்னெயர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மாறுவதற்குப் பதினைந்து நிமிடம்தான் தருவார்கள், சிம்பலை மேடைக்கு வெளியிலேயே ஸ்ராண்டில் பூட்டி வைத்துக்கொண்டால் நேரம் மிஞ்சும். தை மாதத்தில் இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பினால் கிற்றார்ப் பெட்டியை உடனே திறக்காதீர்கள். கழித்தல் 20இல் கிடந்த மரத்தில் சூடான காற்றுப் பட்டால் வார்னிஷ் மயிர்போல வெடித்துக் கோடு கோடாகும். காலணிகள் கழற்றும் இடத்தில் மூடியபடியே வைத்துவிட்டு, காலையில் திறவுங்கள்.