வால்வு மாற்ற ஓர் ஆள்

மழை ஓய்ந்த பிறகும் படம் வராத நாள்களில், மொட்டைமாடிக்குச் சென்று டிஷ் ஆன்டெனா திசை மாறியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அது பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிப்பதால், நமக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றுகிறது.

இந்த ஏற்பாட்டை அறிவியல் புனைகதை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்பவர்கள் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைச் சான்று காட்டுவார்கள். அது பாதி உண்மை. பிரித்தானிய விமானப்படையில் ரேடார் பணியில் இருந்த அவர், 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதியது கதையன்று. கணக்குகளும் வரைபடங்களும் கொண்ட தொழில்நுட்பக் கட்டுரை. அந்தச் சுற்றுப்பாதையைப் பற்றி ஹெர்மன் போட்டோச்னிக் என்ற பொறியாளர் 1928 இலேயே எழுதியிருந்தார். மூன்று நிலையங்களை அங்கே சம இடைவெளியில் நிறுத்தினால் ஏறத்தாழ உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று விளக்கியதுதான் கிளார்க்கின் பங்கு.

எனக்குச் சுவையாகப் படுவது அவர் தவறவிட்ட இடம். அவருடைய நிலையங்களில் மனிதர்கள் குடியிருந்தார்கள்; அவர்களுக்கு உணவு கொண்டுசெல்லவும், முறை வைத்து ஆள் மாற்றவும் ராக்கெட்டுகள் போய்வர வேண்டியிருந்தது. அன்றைய மின்னணுக் கருவிகள் வால்வுகளால், அதாவது பல்பு போன்ற கண்ணாடிக் குழாய்களால் ஆனவை. வால்வு சூடாகும், பழுதாகும், அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த அருகிலேயே ஆள் வேண்டும். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், வால்வின் வேலையை ஜெர்மானியம் என்ற தனிமத்தின் சிறு துண்டைக் கொண்டே செய்யும் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய சின்காம் 3, மறு ஆண்டு ஏவப்பட்டு 240 தொலைபேசி இணைப்புகளைத் தாங்கிய ‘ஏர்லி பேர்ட்’ ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களுமே ஆளில்லாதவை. ‘ஏர்லி பேர்ட்’ ஒரு சிறுவனின் எடைக்கு மேல் இல்லை. அந்த உயரத்துச் செயற்கைக்கோள் எதையும் பழுதுபார்க்க இன்றுவரை ஒரு மனிதரும் போனதில்லை. என்னைப் போன்றவர்கள் மாடிக்குப் போவதோடு சரி. விண்வெளி நிலையத்தைக் கற்பனை செய்ய முடிந்தவருக்கு, இரண்டே ஆண்டு தொலைவில் இருந்த ஒரு சிறு துண்டு ஜெர்மானியம் கண்ணில் படவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய பொருள் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டு அறியலாம், எது எவ்வளவு சிறுத்துப்போகும் என்பதற்கு அப்படிப்பட்ட கணக்கு அன்று இல்லை.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க்கின் கொழும்பு வீட்டில், 1975 இல் இஸ்ரோ பொறியாளர்கள் ஒரு ஆன்டெனாவை நிறுவிக் கொடுத்தனர். இந்தியாவில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக ஓராண்டு நடந்த கல்வி ஒளிபரப்பை அவர் அதில் பார்த்தார். இலங்கைக்கெனத் தொலைக்காட்சி தொடங்கியது அதன் பிறகு, 1979 இல்தான்.