புது பாகம், புது சத்தம்

"எல்லாமே புதுசுங்க, ஆனா சத்தம் வருது." ஒர்க்‌ஷாப்புக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நியாயம்தான். முன்பக்க சஸ்பென்ஷனில் (சக்கரத்தின் குலுக்கலைத் தாங்குகிற அமைப்பில்) ஷாக் அப்சார்பர், மவுண்ட், லோயர் ஆர்ம், லிங்க் ராட் என்று காசைக் கொட்டியிருப்பார்கள். போலி பாகங்கள் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனாலும் இப்படி என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் பாகத்தில் குறை இருக்கவில்லை. மாட்டிய விதத்தில்தான் இருந்தது.

சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுவார்கள். கணவருக்கு அது 'டக் டக்', பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனைவிக்கு 'கடகட'. நான் கேட்பது, அது எப்போது வருகிறது என்றுதான்.

வேறு இடத்தில் வேலை முடித்து வந்த ஒரு சின்ன கார். சாலை முழுக்கக் குறுக்கே போட்ட வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது சத்தமே இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் கடகடவென்று அடிக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் (வண்டி சாயாமலிருக்க இரண்டு பக்கத்தையும் இணைக்கிற கம்பி) அதன் புஷ்ஷுக்குள், அதாவது ரப்பர் பிடிப்புக்குள், சும்மா சுழலும்; அதன் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற லிங்க் ராடுக்கு அதிகம் வேலை இல்லை. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் லிங்க் ராடில் சுமை விழும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, இரண்டு லிங்க் ராடையும் கழற்றிவிட்டுத் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். (அப்படிக் கழற்றிய வண்டியை வேகமாகத் திருப்பக் கூடாது, சாயும்.) கடகட நின்றுபோனது. நட்டை முறுக்கும்போது ஆலன் கீ கொடுத்துப் பிடிக்காததால் லிங்க் ராட் நுனியில் உள்ள பால் ஜாயின்ட்டின் (உருண்டை மூட்டின்) தண்டும் கூடவே சுற்றியிருக்கிறது. நட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

கடகட போனதும், அதற்குள் ஒளிந்திருந்த ஒரு 'டொக்' வெளியே வந்தது. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மட்டும். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடிக்கிற பாகம்) மேல் கையை வைத்துக்கொண்டு, பையனை வண்டியை அமுக்கி ஆட்டச் சொன்னேன். கையிலேயே தட்டியது. இங்கேயும் அதே கதை. மேல் நட்டை ஏர் கன்னால் அடித்தால் ஷாக்கின் ராடும் சேர்ந்து சுற்றும். இறுகிய மாதிரி இருக்கும், இறுகியிருக்காது. ராடைப் பிடித்துக்கொண்டு கையால் முறுக்கி, அந்த வண்டிக்குரிய அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற கருவி) வைத்ததும் அடங்கியது. ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளியிருந்தால், மவுண்ட் பேரிங்கையோ ஸ்பிரிங் நுனி அதன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறதா என்பதையோ பார்த்திருப்பேன். அந்தத் தொந்தரவு இதில் இல்லை.

பாக்கி இருந்தது ஒரு முனகல். மெதுவாக ஏறி இறங்கும்போது பழைய மரக்கதவு மாதிரி 'கிர்ர்'. லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோடு இணைக்கிற கை, அதன் ரப்பர் புஷ்தான். இதைத்தான் என்னிடம் வேலை பழகுகிற பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த ரப்பர், போல்ட் நுழைகிற உள் குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அப்படியே பிடிபட்டுவிடும்; அதற்கப்புறம் ஆர்ம் ஏறி இறங்குகிற அசைவு முழுவதையும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு தாங்க வேண்டும். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். முனகும், சீக்கிரம் கிழியும். சஸ்பென்ஷன் மீது வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. கீழே குனிந்து செய்கிற வேலை என்பதால் பலர் தவிர்க்கிறார்கள், வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, ஆர்முக்குக் கீழே ஜாக் கொடுத்து சரியான உயரத்துக்கு ஏற்றி மறுபடி இறுக்கினேன். ரப்பர் இன்னும் கிழியாதது அவருடைய அதிர்ஷ்டம்.

ஓட்டிப் பார்க்கும்போது கரடுமுரடான ரோட்டில் பிரேக்கை லேசாகத் தொட்டும் பார்த்தேன். தொட்டதும் சத்தம் நின்றால் அது பிரேக் பேடின் ஆட்டம், சஸ்பென்ஷனைக் குறை சொல்ல முடியாது. பழைய ஷாக் போட்ட சத்தத்தில் அது அதுவரை கேட்காமலே இருந்திருக்கும். இந்த வண்டியில் அதுவும் இல்லை.

"அப்ப எந்த பார்ட்டும் மாத்தலையாண்ணா?" என்றார் உரிமையாளர். இல்லை என்றேன். கூலி மட்டும்தானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டிய பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தார்களா என்று நான் கேட்டேன். பார்க்கவில்லையாம். வலது டயரின் உள்விளிம்பு தேய ஆரம்பித்திருந்ததைக் காட்டி, நேராக அலைன்மென்ட் பார்க்கும் இடத்துக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.