அலைத் தொட்டி நாட்குறிப்பு, கார்க், அயர்லாந்து

16 அக்டோபர் 2024, புதன்

காலை ரயிலில் கார்க்கிலிருந்து டப்ளின். கூட்டம் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. தேதியைப் பார்த்த பிறகு புரூம் பாலத்தைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. லுவாஸ் டிராமின் பச்சைத் தடத்தில் கடைசி நிறுத்தம் அதுதான்.

1843-இல் இதே தேதியில் கணிதமேதை ஹாமில்டன் மனைவியோடு ராயல் கால்வாய்க் கரையில் நடந்து வந்தார். பதினைந்து வருடம் பிடிபடாமல் இழுத்தடித்த, நான்கு எண்களைச் சேர்த்துப் பெருக்கும் குவாட்டர்னியன் விதி இந்தப் பாலத்தருகே பிடிபட்டது. கத்தியை எடுத்துக் கல்லிலேயே கீறிவிட்டார். அந்தக் கீறல் எப்போதோ மறைந்துபோனது. இப்போது இருப்பது 1958-இல் அப்போதைய பிரதமர் டி வலேரா திறந்துவைத்த கல்வெட்டு. அவரும் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார்தான். வருடாவருடம் மேனூத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் டன்சிங்க் வானாய்வகத்திலிருந்து இங்கே நடந்து வருவார்கள். எனக்கு நான்கு மணி ரயில்.

அவர்களை விட எனக்கு இந்தப் பாலத்தில் சொந்த வேலை உண்டு. அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் என் மிதவை உருள்வதை முதலில் மூன்று கோணங்களில் எழுதியிருந்தேன். மிதவை செங்குத்தாகச் சாய்ந்ததும் கணினி நிரல் உளறும். ஹாமில்டனின் நான்கு எண்களுக்கு மாறிய அன்றே உளறல் நின்றது.

5 நவம்பர், செவ்வாய்

தொட்டியில் முதல் நாள். மூன்று வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் மிதவை அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. தூரம் 25 மடங்கு குறைந்தால் நேரம் 5 மடங்குதான் குறையும். கடலின் 10 விநாடி அலைக்கு இங்கே 2 விநாடி. திறன் மட்டும் 78,125 மடங்கு. தொட்டியில் ஒரு வாட் வந்தால் கடலில் 78 கிலோவாட் என்று மார்தட்டலாம். தொட்டியில் அரை வாட் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் பெருக்கிச் சொல்வதில்லை.

தினமும் முதல் வேலை, அலை உயரத்தை அளக்கும் இரட்டைக் கம்பிகளைச் சரிபார்ப்பது. கம்பிகளுக்கிடையே தண்ணீர் வழியாக ஓடும் மின்சாரத்தை வைத்துத்தான் உயரம் தெரிகிறது. தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் அளவு மாறிவிடும். கம்பியை ஐந்து சென்டிமீட்டர் இறக்கு, எழுது. ஐந்து ஏற்று, எழுது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு தண்ணீர் அடங்கும்வரை பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஆராய்ச்சி என்று ஊரில் சொல்லிக்கொள்வதில் பாதி இந்தப் பத்து நிமிடங்கள்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் கார்க்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. இந்த ஊரில் யாரோடு பேசினாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘பாய்’ சேர்ப்பார்கள். பையா என்று அர்த்தம். முதல் வாரம் முழுக்க அது நம்ம ஊர் பிரியாணிக்கடை ‘பாய்’ என்றே என் காதில் விழுந்தது.

8 நவம்பர், வெள்ளி

இடிக்கிறது. ஒத்ததிர்வில் மிதவை அலையைப் போல 2.6 மடங்கு எகிற வேண்டும் என்கிறது என் கணக்கு. தொட்டியில் 1.7 தாண்டவில்லை.

எனக்கு இரண்டு கைடு, ஒருவர் பயன்பாட்டுக் கணிதம், இன்னொருவர் பொறியியல். முன்னவர் “அளவீட்டைச் சரிபார்” என்றார். பின்னவர் “சமன்பாட்டைச் சரிபார்” என்றார். இருவரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; நான் இன்னும் மின்னஞ்சலை பேரே இல்லாமல் ‘வணக்கம்’ என்று தொடங்கித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

20 நவம்பர், புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டெக்னீஷியன் ஒரு சிறிய ஆரஞ்சுப் பழத்தைத் தொட்டியில் போட்டார். எட்டு சென்டிமீட்டர் அலை, இரண்டு விநாடிக்கு ஒன்று. பழம் மேலே, முன்னே, கீழே, பின்னே என்று வட்டம் போட்டது. என் கணக்குப்படி அது புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். இருபது அலை எண்ணினோம். கிட்டத்தட்ட ஒரு சாண் நகர்ந்திருந்தது.

இதைக் காகிதத்தில் பிடித்தவர் கணித இயற்பியலாளர் ஸ்டோக்ஸ். ஸ்லைகோ கடற்கரையை ஒட்டிய ஸ்க்ரீனில் 1819-இல் பிறந்தவர். அலை சிறியது, ஆகவே அதன் வர்க்கம் மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம் என்று எல்லோரும் தள்ளிய உறுப்பை அவர் 1847-இல் விடாமல் வைத்துக்கொண்டார். நான் முதல் வருடத்தில் ஒரே வரியில் தள்ளிவிட்டேன். அந்த வரியின் பக்கத்தில் ‘சரி’ என்று டிக் வேறு போட்டிருக்கிறேன்.

பழத்தைப் பிறகு அவரே உரித்துத் தின்றார்.

8 டிசம்பர், ஞாயிறு

வெள்ளி இரவு முழுக்கப் புயல். இன்று வழியெல்லாம் முறிந்த கிளைகள். பிளாக்ராக்கில் புனித மைக்கேல் தேவாலயத்துக்கு நடந்து போனேன். அங்கே அடக்கமான ஜார்ஜ் பூல் இறந்து இன்றோடு 160 வருடம். 1849-இல் கார்க் குயின்ஸ் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர். இன்று கணினிக்குள் ஓடும் ஆம்-இல்லை தர்க்கம் அவருடையது. பாலின்டெம்பிள் வீட்டிலிருந்து கல்லூரிக்குக் கொட்டும் மழையில் நடந்து, ஈர உடையோடேயே பாடம் எடுத்தார், காய்ச்சல் கண்டு 49 வயதில் போய்விட்டார். ஈரத்தால் வந்த நோய்க்கு ஈரமே மருந்து என்று மனைவி மேரி அவரை நனைத்த துணியில் சுற்றியதாகச் சொல்வார்கள்.

மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பேர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள். எவரெஸ்ட் பின்னாளில் தலைமையேற்ற அந்த நில அளவை 1802-இல் பரங்கிமலை அருகே தொடங்கியது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கோணம் அளக்கும் அவர்களுடைய அரை டன் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. அப்போது அளவையை நடத்திய லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தானே தட்டி நிமிர்த்தினார். என் 1.7-ஐ நினைத்துக்கொண்டு கல்லறை முன் நின்றபோது ஏனோ பூலை விட லாம்ப்டன்தான் ஆறுதலாக இருந்தார்.

16 ஜனவரி 2025, வியாழன்

இந்த மாதம் முதல் ரிசர்ச் அயர்லாந்து உதவித்தொகை வருடத்துக்கு 25,000 யூரோ. போன வருடம் 22,000. வீட்டு உரிமையாளருக்கும் செய்தி எட்டிவிட்டது போலிருக்கிறது, வாடகையைப் பற்றி ‘பேச வேண்டுமாம்’.

தொட்டியில் மறுபடி ஒரு வாரம் கிடைத்தது. டெக்னீஷியன் மிதவையைப் பார்க்கவே இல்லை, அதற்கு மேலே பார்த்தார். “அந்த கேபிள் எதற்கு இவ்வளவு தொங்குது, பாய்?” விசை அளவியிலிருந்து தொட்டிக்கு மேலே இருக்கும் பாலத்துக்குப் போகும் கேபிள். விரல் தடிமன்கூட இல்லை. மிதவை எழும்பும்போதெல்லாம் அதன் வளைவு தண்ணீரை லேசாக நக்கிவிட்டு வந்தது. மெல்லிய கேபிளுக்கு மாற்றி ரப்பர் நூலில் தொங்கவிட்டோம். 2.0.

24 ஜனவரி, வெள்ளி

எயோவின் புயல். நாடு முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. கால்வே பக்கம் மேஸ் ஹெட்டில் மணிக்கு 183 கிலோமீட்டர். 1945-இல் ஃபாய்ன்ஸில் பதிவான 182 இத்தனை வருடம் கழித்து உடைந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் இல்லை. எங்கள் தெருவும் அதில் ஒன்று.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேனாவால் எழுதினேன். மிதவையின் கீழ் விளிம்பு கூர்மையானது. அங்கே ஒவ்வொரு முறையும் சுழல் பிய்ந்து ஆற்றலைக் கொண்டுபோகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ற இழுவை. அதையும் நான்தான் முதல் வருடத்தில் தள்ளிவிட்டேன். அதற்கும் டிக் இருக்கிறது.

28 ஜனவரி, செவ்வாய்

இழுவையைச் சேர்த்தால் கணக்கு 2.1, தொட்டி 2.0. இரண்டு கைடுக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன், பேர் சொல்லி. கணிதக்காரர் மிச்சம் 0.1 எங்கே என்று கேட்டிருக்கிறார்.

நாலு நாள் யாரும் தொடாத தண்ணீரில் கூரை விளக்கு ஒவ்வொன்றும் அசையாமல் தெரிந்தது. டெக்னீஷியன் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, “கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமா, பாய்?” என்றார்.