எந்த ஒன்பது பின் கேபிள் இது?

எடைமேடை சர்வீஸுக்குப் போகும் என் பையில், எடைக் கருவியைக் கணினியோடு இணைக்கும் ஒன்பது பின் சீரியல் கேபிள்கள் எப்போதும் கிடக்கும். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது ஸ்ட்ரெயிட் (2-ம் 3-ம் நேராகப் போவது), எது நல் மோடம் (2-ம் 3-ம் இடம் மாறிப் போவது) என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, முதலில் ஒரு முனையின் 5-ம் பின்னுக்கும் மறுமுனையின் 5-க்கும் பார்ப்பேன். அது கிரவுண்ட், இரண்டு வகையிலும் நேராகத்தான் போகும். அப்புறம் ஒரு முனையின் 2-லிருந்து மறுமுனையின் 2. கத்தினால் ஸ்ட்ரெயிட், 3-ல் கத்தினால் நல் மோடம். துளையுள்ள முனையில் புரோப் நுழையாது, குண்டூசியைச் செருகி அதைத் தொட வேண்டும். எண்கள் துளைக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக்கில் பொடியாக இருக்கும், செல்போன் டார்ச் அடித்தால்தான் என் கண்ணுக்குத் தெரியும். இரு முனைகளுக்கும் வரிசை இடவலம் மாறும் என்பதால் எண்ணாமல் படிப்பதே மேல்.

சில நல் மோடம் கேபிள்களில் 7-ம் 8-ம் மறுமுனைக்கே போகாது. அந்தந்த முனையிலேயே சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். 1, 4, 6-ம் அப்படியே. மூன்று கம்பியில் முடிக்கும் சிக்கனம்! எடை காட்டும் கருவிக்குப் போதும், ஹார்ட்வேர் ஹேண்ட்ஷேக் (அனுப்பலாமா, நிறுத்தவா என்று தனிக் கம்பியில் சொல்வது) கேட்கும் பிரிண்டருக்குப் போதாது.

எந்த வகை வேண்டும் என்பதே சந்தேகமா? கருவியை மட்டும் ஆன் செய்து, அதன் சாக்கெட்டில் கறுப்பு புரோப்பை 5-ல் வைத்து, சிவப்பால் 2, 3 இரண்டையும் டிசி வோல்ட்டில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அனுப்பும் பின்னில் மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வரை காட்டும். எடையை விடாமல் அனுப்பும் கருவி என்றால் எண் கொஞ்சம் ஆடும், பரவாயில்லை. கணினி அனுப்புவது 3-ல். கருவியும் 3-ல் அனுப்பினால் நல் மோடம், 2-ல் என்றால் ஸ்ட்ரெயிட்.