காலையில் தூக்கும், மதியம் தூக்காது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில், பழக்குலையைக் கவ்வித் தூக்கும் கிராபர் கை பொருத்திய மினி டிராக்டர் ஓட்டுகிறவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அண்ணே, காலையில நல்லாத்தான் தூக்குது, மத்தியானம் ஆனா குலையோட கிராபர் மேல ஏறவே மாட்டேங்குது." உடனே பக்கத்தில் நிற்கிற யாராவது பம்ப் போச்சு என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். பம்ப் விலை தெரிந்தவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்.

மத்தியானம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கிராபர் கையைத் தூக்குவது பம்ப் தள்ளுகிற ஹைட்ராலிக் எண்ணெய்தான், அது சூடானால் இளகிவிடும். காலையில் கெட்டியாக இருந்து தேய்மானத்தை மறைத்த அதே எண்ணெய், இப்போது கசிவைத் தடுக்கவேண்டிய சீல் ஓரமாகவும் வால்வு இடுக்கு வழியாகவும் நழுவி டாங்கிக்கே திரும்பிவிடும். அதனால் வண்டியை ஸ்டார்ட் செய்த கையோடு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது வீண் வேலை. கொஞ்ச நேரம் வேலை வாங்கி, எண்ணெய் 50 டிகிரி வாக்கில் வந்த பிறகு, என்ஜினை மேனுவல் சொல்கிற வேகத்தில் வைத்து அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இன்னொன்று, பிரஷர் கேஜை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பம்ப் தள்ளுவது எண்ணெயை, எதிர்ப்பு வந்தால்தான் பிரஷர் ஏறும். லீவரைக் கடைசிவரை பிடித்ததும் முள் 180 பார் காட்டினால், பிரஷர் அளவு மீறாமல் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். பம்ப் எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. அதற்கு ஃப்ளோ மீட்டர் வேண்டும். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். மீட்டரில் உள்ள லோட் வால்வை மெல்ல மெல்ல மூடி 150 பாருக்கு ஏற்றும்போது 36, 37க்கு இறங்கினால் பம்புக்கு ஒன்றுமில்லை, 25க்கு விழுந்தால் தேய்ந்துவிட்டது. மூடும் கையில் நிதானம் இருக்கட்டும்: மீட்டர் ரிலீஃப் வால்வுக்கு முன்னால் மாட்டியிருந்தால், முழுக்க மூடியதும் ஏதாவது ஒன்று வெடிக்கும்.

போன மாதம் வந்த வண்டியில் பம்ப் சூட்டிலும் நன்றாகவே தள்ளியது. சரி, கையைத் தூக்கும் சிலிண்டரைப் பார்ப்போம் என்று கிராபர் கையை முழுக்க உயர்த்தி, முட்டுக் கொடுத்து, என்ஜினை நிறுத்தி, லீவரை ஆட்டிப் பிரஷரை இறக்கி, சிலிண்டரில் ராடு (தண்டு) வெளிவரும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயில் பிளக் போட்டு, மறுபடி அடிப்பக்கம் பிரஷர் கொடுத்தோம். சிலிண்டரில் திறந்து கிடந்த வாயிலிருந்து எண்ணெய் சொட்டவில்லை, கம்பியாக ஓடியது. அடிப்பக்க எண்ணெய் பிஸ்டனைத் தாண்டி வருகிறது, அப்படியானால் பிஸ்டன் சீல்! சீல் கிட் போட்டதோடு மத்தியானத் தகராறு தீர்ந்தது, பழைய பம்ப் அதே இடத்தில் இன்னும் ஓடுகிறது.

ஹோஸில் கசிவு தேடும்போது மட்டும் கையால் தடவாதீர்கள், ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், முதலில் பெரிதாக வலிக்காது, சின்னப் புள்ளிதானே என்று விட்டால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். பட்டுவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.