யுஏபி விசாரணைகள்: முதலில் திரையின் ஓரத்து எண்களைப் பாருங்கள்

வானில் தெரியும் அடையாளம் காணப்படாத பொருட்களை முன்பு யுஎஃப்ஓ என்றார்கள்; இப்போது யுஏபி என்கிறார்கள். அவற்றைப் பற்றி 2023 ஜூலை 26 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு ஒன்றின் முன் மூன்று பேர் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். மூவரின் பேச்சும் செய்திகளில் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு வந்தது. அப்படிப் படிக்கக் கூடாது. முன்னாள் கடற்படை விமானி டேவிட் ஃப்ரேவர், 2004 நவம்பர் 14ல் சான் டியேகோவுக்கு அப்பால் கடலின் மேல் போர் விமானத்திலிருந்து தானே பார்த்த வெள்ளைப் பொருளைப் பற்றிச் சொன்னார். இன்னொரு முன்னாள் கடற்படை விமானி ரயன் கிரேவ்ஸ், வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் தன் படைப்பிரிவின் ரேடாரில் தெரிந்ததையும் சக விமானிகள் கண்டதையும் சொன்னார். முன்னாள் உளவுத்துறை அதிகாரி டேவிட் கிரஷ், விழுந்த யுஏபிகளை அரசு ரகசியமாக மீட்டு வைத்திருக்கிறது என்று 40க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்ததைச் சொன்னார். முதலாவது நேரில் கண்ட சாட்சி. இரண்டாவது இரண்டும் கலந்தது. மூன்றாவது கேள்விப்பட்ட சாட்சி. உறுதிமொழி எடுத்துவிட்டுத் தெரிந்தே பொய் சொன்னால்தான் குற்றம். பிறர் சொன்னதை நம்பிச் சொன்னால் குற்றமாகாது. அதனால் “உறுதிமொழி எடுத்துச் சொன்னாரே” என்பது தகவலுக்குக் கிடைத்த முத்திரை அல்ல. பல கேள்விகளுக்குக் கிரஷ் தந்த “மூடிய அறையில் சொல்கிறேன்” என்ற பதிலும் அப்படித்தான். அந்த விவரம் ரகசியப் பட்டியலில் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

சாட்சியத்தை நம்மால் சரிபார்க்க முடியாது. வீடியோவைச் சில நேரம் முடியும். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் 2020 ஏப்ரல் 27ல் முறைப்படி வெளியிட்ட மூன்று கடற்படை வீடியோக்களில் ‘கோஃபாஸ்ட்’ அதற்கு நல்ல உதாரணம். கடல் மட்டத்தை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி சீறிப் பாய்வதுபோல் தெரியும். ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு திரையின் ஓரத்தைப் பாருங்கள்.

விமானத்தின் உயரம் 25,010 அடி. கேமரா பொருளைப் பிடித்ததும் தூரம் 4.4, கீழ்நோக்கிய கோணம் 26 டிகிரி. தூரம் கடல் மைலில் இருக்கிறது; ஒரு கடல் மைல் 6,076 அடி. பெருக்கினால் 26,734 அடி. அதை சைன் 26 ஆன 0.438ஆல் பெருக்கினால் சுமார் 11,700 அடி. விமானத்துக்கு அவ்வளவு கீழேதான் பொருள் இருக்கிறது. கழித்தால் கடலுக்கு மேலே ஏறத்தாழ 13,300 அடி. காட்சி முடியும் இடத்தில் மறுபடி போடுங்கள்: தூரம் 3.4, கோணம் 35. விடை சுமார் 13,150 அடி. இரண்டு வேறு நொடிகளில், வேறு வேறு எண்களிலிருந்து கிட்டத்தட்ட ஒரே உயரம் கிடைப்பதுதான் கணக்கு சரி என்பதற்கு அடையாளம். பலர் சறுக்குவது அலகில்தான். 4.4ஐச் சாதாரண மைலாக எடுத்து 5,280ஆல் பெருக்கினால் விடை 1,500 அடி தள்ளிப்போகும்.

பொருள் கடலை ஒட்டிப் பறக்கவில்லை என்றால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது? விமானத்தின் வேகத்திலிருந்து. ரயில் ஜன்னலில் ஒரு பனைமரத்தையே பார்த்துக்கொண்டு வாருங்கள். பின்னால் இருக்கும் மலை மரத்தைக் கடந்து ஓடும். மரம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. பள்ளியில் இடமாறு தோற்றம் என்று படித்தது இதுதான். நாசா குழு 2023 செப்டம்பர் 14ல் வெளியிட்ட அறிக்கையில் இதே வீடியோவின் 22 நொடிகளைக் கணக்கிட்டு, சராசரி வேகம் மணிக்கு சுமார் 40 மைல் என்றது. அந்த உயரத்தில் காற்றே அவ்வளவு அடிக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: வேகம் இல்லை என்று தெரிந்துவிட்டதால் அது என்ன பொருள் என்று தெரிந்துவிட்டதாக ஆகாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

கருவியே உருவத்தை மாற்றுவதும் உண்டு. 2022 மே 17 விசாரணையில் கடற்படை உளவுத்துறையின் ஸ்காட் பிரே பச்சை முக்கோணங்கள் மின்னும் காட்சி ஒன்றைக் காட்டினார். இரவுப் பார்வைக் கருவி வழியே வந்த வெளிச்சத்தை இன்னொரு கேமராவால் படம் பிடித்ததில் முக்கோண வடிவம் வந்தது என்றும், பறந்தவை ட்ரோன்கள் என்றும் விளக்கினார்.

ஆண்டறிக்கை எண்களிலும் இதே கவனம் வேண்டும். இந்தப் புகார்களை ஆராயும் பென்டகன் அலுவலகமான ஆரோ, 2024 நவம்பர் அறிக்கையில் 757 புகார்கள் என்றது. “757 மர்மங்கள்” என்று பகிர்ந்தார்கள். உள்ளே போய்ப் பாருங்கள்: 118 தீர்க்கப்பட்டவை, 174 தீர்ந்து முடித்துவைக்கக் காத்திருப்பவை, 444 ஆராயவே போதிய தரவு இல்லாதவை. மேலும் ஆராயத் தக்கவை என்று ஒதுக்கியது 21. தரவு இல்லாத 444ஐ விளங்காதவை என்பதும் தவறு, விளங்கியவை என்பதும் தவறு. என் கவனமெல்லாம் அந்த 21ல்தான். அவற்றின் மூலத் தரவு வெளியே வர வேண்டும்.

வராததற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறது என்பதை எதிரி நாடு காட்சியிலிருந்தே கணித்துவிடும். மீதி வீடியோக்களைக் கேட்டபோது கடற்படை 2022ல் தேசப் பாதுகாப்பைக் காட்டித்தான் மறுத்தது. இது நியாயமான காரணம்தான். ஆனால் அதைச் சொல்லி தேதி, இடம், உயரம் எல்லாவற்றையும் மறைப்பதில் நியாயம் இல்லை.

இந்த ஆவணங்களை வெளியே கொண்டுவர, 2023 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. செனட்டில் ஷூமரும் ரவுண்ட்ஸும் கொண்டுவந்த மூல வரைவில், 9 பேர் கொண்ட மறுஆய்வுக் குழுவும், தனியாரிடம் இருக்கும் யுஏபி சார்ந்த பொருட்களை அரசு கைப்பற்றும் அதிகாரமும் இருந்தன. இரண்டையும் வெட்டிவிட்டார்கள். சட்டத்தின் பல் போனது அங்கேதான். மிஞ்சியது தேசிய ஆவணக் காப்பகத்தில் யுஏபி ஆவணங்களுக்கான தனித் தொகுப்பு, எண் 615. ஆவணம் உருவாகி 25 ஆண்டுக்குள் அதை முழுதாக வெளியிட வேண்டும். தடுக்க வேண்டுமானால் அதிபரே சான்று தர வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் மனுப் போடலாம். நம் ஆர்டிஐ இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். அங்கே எந்த நாட்டவரும் கேட்கலாம். “யுஎஃப்ஓ பற்றிய எல்லாக் கோப்புகளும்” என்று எழுதினால் போதிய விவரம் இல்லை என்று திரும்பிவிடும். “யுஎஸ்எஸ் பிரின்ஸ்டன் கப்பலின் டெக் லாக், 2004 நவம்பர் 10 முதல் 16 வரை” என்பதுபோல் கப்பல், ஆவண வகை, தேதி மூன்றையும் எழுதுங்கள். (ஃப்ரேவர் சம்பவத்தின்போது அந்தக் கடல் பகுதியில் இருந்த போர்க்கப்பல் அது; டெக் லாக் என்பது கப்பலின் அன்றாடப் பதிவேடு.) சொந்த உபயோகத்துக்கு என்றால் முதல் 2 மணி நேரத் தேடலும் முதல் 100 பக்க நகலும் இலவசம்; அதற்கு மேல் எவ்வளவு கட்டணம் தருவீர்கள் என்பதையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். பதில் தர 20 வேலை நாள் என்பது சட்டம்; நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. கறுப்பு மை பூசிய ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும் விலக்குப் பிரிவின் எண் இருக்கும். பி1 என்றால் தேசப் பாதுகாப்பு. எந்தப் பிரிவை எதிர்க்கிறீர்கள் என்று மேல்முறையீட்டில் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஃப்ரேவர் பார்த்த அந்த நவம்பர் நாளின் ஆவணங்கள் காப்பகத் தொகுப்புக்கு வந்து சேர்ந்தால், அவற்றின் 25 ஆண்டு கெடு 2029 நவம்பரில் முடிகிறது.