காகிதத்துக்குக் கஞ்சி

மே 9
கம் பிரிண்டில் மூன்றாவது அடுக்கும் முடிந்தது, படம் பாழ். பிசினில் நிறமி கலந்து தாளில் தடவி, நெகட்டிவை மேலே வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவி, அடுக்கடுக்காகப் புகைப்படம் அச்சிடும் பழைய முறை இது; வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடத்து நிறம் கழுவிப் போகவேண்டும். ஆச்சியின் வெள்ளைப் புடவை முழுக்க இண்டிகோ நீலம் ஏறிக் கிடக்கிறது, போதாக்குறைக்கு மூக்குத்தி இரண்டாகத் தெரிகிறது. இரண்டுக்கும் என் சோம்பல்தான் காரணம். நல்ல வாட்டர்கலர் தாளில் ஜெலட்டின் போட்டுத்தானே விற்கிறார்கள், அது போதும் என்று இருந்துவிட்டேன். நீலத்தில் படம் தரும் சயனோடைப் முறை என்றால் ஒரே அடுக்கு, அதற்குப் போதும். கம் பிரிண்டில் தாள் ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீரில் ஊறி ஊறி இருக்கிற பூச்சும் போய்விடுகிறது, அப்புறம் நிறமி நேராக நாருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தாள் வேறு நனைந்து காய்ந்ததும் சுருங்கும், நெகட்டிவ் சுருங்காதே!

மே 10
ஆறு தாள்களை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து மாடிக் கொடியில் காயப்போட்டேன். சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கட்டும். காய்ந்ததும் அளந்தால் 38 செ.மீ. நீளத்தில் 2 மி.மீ. போயிருக்கிறது. மூக்குத்தி ரகசியம் இதுதான்.

மே 11
ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 30 கிராம் ஜெலட்டின். அரை மணியில் ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பிவிட்டது. "என்னடா, காகிதத்துக்குக் கஞ்சி போடறியா?" என்று அம்மா சிரித்தாள். ஆமாம், அதேதான் என்றேன். கஞ்சி எதிலிருந்து வருகிறது என்று கேட்டாள், மாட்டுத் தோல், எலும்பு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அடுப்படி போச்சு. இண்டக்‌ஷன் அடுப்போடு வராந்தாவுக்கு வந்தேன்.

வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 50 டிகிரி வரைக்கும்தான் சூடு, கொதித்தால் உறையும் சக்தி போய்விடும். தாளை முக்கி, டிரே விளிம்பில் இழுத்து வழித்து, கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். உறையவே இல்லை. இரவு பதினொரு மணிக்கும் 33 டிகிரி அடிக்கிற ஊரில் எப்படி உறையும்? எல்லாம் கீழே வழிந்து அடி விளிம்பில் பாகு மாதிரி திரண்டு நிற்கிறது.

மே 12
மிச்சக் கரைசலை மூடாமல் விட்டேன், காலையில் வராந்தாவே நாறியது. புதிதாகக் கரைத்து, படுக்கையறையில் ஏசியை 22-இல் வைத்து, ஜன்னல் கம்பிக்கும் பீரோவுக்கும் கயிறு கட்டி மறுபடி. நேற்றைய தாள்களைத் தலைகீழாகப் பிடித்து முக்கினேன், திரண்ட பக்கம் இப்போது மேலே. ஐந்து நிமிடத்தில் விரலில் ஒட்டாத அளவுக்கு உறைந்துவிட்டது. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லையோ.

மே 14
கெட்டிப்படுத்தும் வேலை. இதைச் செய்யாவிட்டால் கழுவும்போது பூச்சு இளகிவிடும். ஃபார்மலினை வீட்டுக்குள் விட மனமில்லை. அதற்குப் பதில் ஜெலட்டினை இறுக்கும் இன்னொரு ரசாயனம், 40 சதவீதக் கிளையாக்சல், லிட்டர் தண்ணீருக்கு 25 மில்லி, அதில் தாளுக்கு ஐந்து நிமிடம். இதுவும் சாது இல்லை, அதனால் மொட்டைமாடியில் கையுறையோடு. பிறகு பத்து நிமிடம் நன்றாக அலசினேன், தங்கிவிட்டால் நாளடைவில் தாள் மஞ்சளித்துவிடும்.

மே 15
சோதனை. பூச்சு போட்ட துண்டு ஒன்று, போடாத துண்டு ஒன்று. இரண்டிலும் பிசின், வெளிச்சத்தில் அதை இறுக்கும் டைக்ரோமேட், இண்டிகோ கலந்து தடவி, வெளிச்சமே காட்டாமல் இருட்டில் காயவைத்துக் கழுவினேன். போடாதது வெளிர்நீலம். போட்டது வெள்ளை வெளேர்! ஓரத்தில் மட்டும் கடுகளவு நீல வளையங்கள் நாலைந்து, முக்கும்போது குமிழி உடைந்த இடங்கள். மற்ற தாள்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், இரண்டில் அதே தழும்பு. அந்த இரண்டும் தேர்த் திருவிழாப் படத்துக்கு. அவ்வளவு கூட்டத்தில் புள்ளியை யார் பார்க்கப் போகிறார்கள்.